தாளைக் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் காலை வந்து உட்காருங்கள்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

எங்கள் பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், தமிழகமெங்கும் அன்பியங்களை, அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு கிறிஸ்தவக் குழுக்களை, நடத்திவரும் அருள்தந்தையர், அருள்சகோதரியர், மறைக்கல்வி கற்பிக்கும் வேதியர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது அறிவிப்புப் பலகையில் பேரவையின் தீர்மானத்தைப் படித்தேன். காலையில் பங்கு மன்றத்துத் திண்ணையில் கூடும் எங்கள் இறைவார்த்தைக் குழு, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அச்சிட்ட சிந்தனைத் தாளை வைத்தே நடக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பொறுப்பாளர் ஒருவர் தாளை வாசிப்பார். மற்றவர்கள் கேட்பார்கள். ஒரு மன்றாட்டு, ஒரு பாட்டு, பத்து நிமிடத்தில் கலைந்துவிட வேண்டும். தவறான விளக்கங்கள் பரவாமல் இருக்கவே இந்த ஏற்பாடு என்று காரணமும் எழுதியிருந்தீர்கள்.

அந்தக் காரணத்தை நான் தள்ளிவிடவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் தீர்மானம் போட்டவர்களில் ஒருவர்கூட ஒரு காலையாவது எங்களோடு வந்து உட்கார்ந்ததில்லை. ஆகவே அங்கே என்ன நடக்கிறது என்பதை நானே எழுதிவிடுகிறேன். நேரில் வந்து பேசாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் பங்கில் மட்டும் நடப்பதாக இருந்தால் நேரிலேயே வந்திருப்பேன். பயிற்சிகளில் சந்திக்கும் வேறு பங்குகளின் அன்பியப் பொறுப்பாளர்கள் பலரும் இதே குறையைச் சொல்கிறார்கள். வாசிப்பு சுருங்கிவிட்டது, விளக்கம் பெருத்துவிட்டது என்கிறார்கள்.

நான் தையல்காரி. திண்டுக்கல்லில் முப்பது ஆண்டுகளாக ரவிக்கை தைத்துப் பிழைக்கிறேன். மறைமாவட்ட விவிலியப் பயிற்சியில் சேர்ந்து சனிக்கிழமைகளில் படித்தது தவிர வேறு மறைக்கல்வி எனக்கில்லை. அந்தப் பயிற்சிக்கு என்னை அனுப்பியது இதே பங்குதான். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து கோவில் கதவைச் சாத்தியபோது எங்கள் தெருவில் பலருக்கும் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. தொலைக்காட்சியில் திருப்பலி பார்த்தோம். ஆனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் தொலைக்காட்சி இல்லை. சித்தாள் வேலைக்குப் போகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு நாள் காலையில் மதில் ஓரமாக நின்று, "இன்றைக்கு என்ன வாசகம், கொஞ்சம் உரக்கப் படி" என்றார். நான் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து படித்தேன். அவர் அந்தப் பக்கம் நின்று கேட்டார். மறுநாள் எதிர்வீட்டார் கதவைத் திறந்து வைத்துக் கேட்டார்கள். கோவில் திறந்த பிறகும் இதை விட மனம் வரவில்லை. அப்போதைய பங்குத்தந்தை திண்ணையில் கூடிக்கொள்ளச் சொன்னார். இன்றைக்கு ஒன்பது பத்துப் பேர் வருகிறோம். காலை ஐந்தேகாலுக்குத் தொடங்கி ஐந்து ஐம்பதுக்கு முடிப்போம். ஆறு மணித் திருப்பலிக்குப் போக முடிந்தவர்கள் போவார்கள். அக்கா வேலைக்குப் போய்விடுவார்.

நாங்கள் செய்வது மிக எளிது. அன்றைய நற்செய்தியை ஒருவர் நிறுத்தி நிதானமாக வாசிப்பார். சற்று நேரம் கழித்து வேறொருவர் அதையே மறுபடியும் வாசிப்பார். பிறகு ஐந்து நிமிடம் யாரும் பேச மாட்டோம். அதன்பின் மனதில் பட்ட ஒரு சொல்லையோ ஒரு வரியையோ அவரவர் சொல்வார்கள். அதைக் கேட்டு யாரும் "அது அப்படியல்ல" என்று திருத்தப் போவதில்லை. ஒருவர் சொன்னதை வைத்து இன்னொருவர் பிரசங்கம் செய்வதும் கிடையாது. இது நாங்களாகக் கண்டுபிடித்த முறையும் அல்ல. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையம் உருவாக்கிய ஏழு படிகள் ஆசியா முழுவதும் பரவி, நம் அன்பியங்களுக்கும் வந்து சேர்ந்தன. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, சொற்களில் தங்குவது, மௌனம், பகிர்வு, என்ன செய்யலாம் என்று பேசுவது, மன்றாடுவது. அன்பியம் தொடங்கிய புதிதில் பங்குதோறும் கற்றுக்கொடுத்த முறை இதுதான். இந்த ஏழில் விளக்கவுரை என்று ஒரு படியே இல்லை என்பதை நினைவுபடுத்துகிறேன்.

இந்த முறையை நானே முதலில் மீறினேன். பயிற்சியில் படித்த பெருமை எனக்கு நிறைய இருந்தது.

ஆகஸ்டு மாதம், திருவழிபாட்டு ஆண்டின் பொதுக்காலம் இருபதாம் வாரம் புதன்கிழமை, மத்தேயு 20-ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமை வரும். நிலக்கிழார் விடியற்காலையில் போய் ஆள் அமர்த்துகிறார். ஒன்பது மணிக்கும், பன்னிரண்டுக்கும், மூன்றுக்கும் போகிறார். கடைசியாக ஐந்து மணிக்கும் போகிறார். மாலையில் எல்லாருக்கும் ஒரே கூலி, ஒரு தெனாரியம். முதல் ஆண்டு நான் வாசித்து முடித்ததும் நிறுத்தவில்லை. கடைசியில் வந்தவர்கள் என்றால் பிற இனத்தார், வாழ்வின் இறுதியில் மனம் திரும்புகிறவர்கள், கடவுளின் அருள் யாருடைய உழைப்புக்கும் கூலியாகக் கிடைப்பதில்லை என்றெல்லாம் குறிப்பேட்டைப் பார்த்து விளக்கினேன். எதுவும் தவறில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லிக் கலைந்தோம்.

அடுத்த ஆண்டு அதே பகுதி வந்தபோது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. அதனால் பேசவில்லை. வேறு இருவர் வாசித்தார்கள். மௌனம் முடிந்ததும் அக்கா கேட்டார்: "ஐந்து மணிக்கு நின்றுகொண்டிருந்தவர்கள் யார்?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவரே சொன்னார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கொத்தனாரும் சித்தாளும் மண்வெட்டி ஆட்களும் வேலைக்குக் காத்து நிற்கும் முச்சந்தியில் அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றிருக்கிறார். மேஸ்திரி வந்ததும் முதலில் பொறுக்குவது வாலிபர்களை. அடுத்து, தெரிந்த முகங்களை. எட்டு எட்டரைக்குள் கூட்டம் கலைந்துவிடும். மிச்சம் நிற்பவர்கள் வயதானவர்கள், கால் தாங்கி நடப்பவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள். "ஐந்து மணி வரைக்கும் ஒருவன் நிற்கிறான் என்றால் அவன் சோம்பேறி இல்லை. சோம்பேறியாக இருந்தால் பத்து மணிக்கே வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பான். நிற்கிறான் என்றால் வீட்டில் அரிசி இல்லை" என்றார்.

அதோடு நிறுத்தவில்லை. வேலை கிடைக்காத நாளில் வீடு திரும்புவது எப்படி என்பதையும் சொன்னார். காலையில் கொண்டுபோன தூக்குவாளிச் சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். அதனால் எங்கேயாவது மரத்தடியில் உட்கார்ந்து தின்றுவிட்டு வர வேண்டும். அப்படியும் மறைக்க முடியாது. சேலையில் சிமெண்ட் பட்டிருக்காது. சுத்தமான சேலையோடு தெருவுக்குள் நுழைவதுதான் எல்லாவற்றிலும் பெரிய வெட்கம் என்றார். பிறகு நற்செய்தியிலிருந்து ஒரே ஒரு வரியைத் திருப்பிச் சொன்னார்: "எங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை." வாசித்தபோது இரண்டு முறை கேட்டதை அப்படியே மனதில் பிடித்து வைத்திருந்தார்.

எங்கள் குழுவில் ஒரு மேஸ்திரி அண்ணனும் இருக்கிறார். தலையைக் குனிந்தபடி வெகுநேரம் இருந்துவிட்டு, "அப்படிப் பொறுக்குகிறவன் நான்தான்" என்றார். அன்றைய ஆறாம் படி, என்ன செய்யலாம் என்ற பேச்சு, சிறியதாகவே இருந்தது. கட்டின சுவருக்குத் தண்ணீர் விடுவது, செங்கல் நனைப்பது போன்ற வேலைகளுக்காவது வயதான பெண்களைக் கூப்பிடுகிறேன் என்றார். பல நாட்கள் கூப்பிடுகிறார். எப்போதும் முடிவதில்லை என்று அவரே சொல்வார்.

அருள்தந்தையரே, அந்த உவமையை நான் சிறு வயதிலிருந்து கேட்டு வருகிறேன். ஐந்து மணிக்கு நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அதற்கு விடை நற்செய்தியிலேயே இருக்கிறது. நிலக்கிழார் அதே கேள்வியைத்தான் கேட்கிறார், அவர்கள் விடையும் சொல்கிறார்கள். என் குறிப்பேடு அந்த வரியைத் தாண்டி நேராகப் பொருளுக்குப் போய்விட்டது. முதல் ஆண்டு நான் விளக்கி முடித்த பிறகு அக்கா ஏன் பேசவில்லை என்று பின்னொரு நாள் அவரிடமே கேட்டேன். "நீதான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாயே, நான் என்ன சொல்ல இருக்கிறது" என்றார். நான் இந்த மடலை எழுதுவதற்குக் காரணம் அந்தப் பதில்தான்.

விளக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது முதலில் வர வேண்டாம் என்கிறேன். முதலில் வந்துவிட்டால் பின்னால் யாருக்கும் வாய் திறக்காது. உங்கள் தாள் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், அது அன்றைய வாசகத்தின் இடத்தில் முதலாவதாக வந்து உட்காரும்போது இதுவே நடக்கும்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். ஒரு டிசம்பர் 17 அன்று அவர் வாசிக்கும் முறை. அன்று வருவது மத்தேயு முதல் அதிகாரம், இயேசுவின் மூதாதையர் பட்டியல். பேர் பேராக வரும் அந்தப் பகுதியை வேகமாக ஓட்டிவிடுவதுதான் வழக்கம். அவர் ஓட்டவில்லை. தபால் பிரிக்கிறவர் முகவரி படிக்கிற மாதிரி ஒவ்வொரு பெயராக நிறுத்திப் படித்தார். தாமார், இராகாபு, ரூத்து என்று பெண்களின் பெயர் வந்தபோது தலை தூக்கிப் பார்த்தார். உரியாவின் மனைவி என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டார். மற்ற மூவருக்கும் பெயர் இருக்கிறது, இவளுக்கு ஏன் இல்லை என்று கேட்டார். தாம் கொண்டுபோய்க் கொடுத்த கடிதங்களில் இன்னாருடைய மனைவி என்று மட்டும் எழுதியவை எத்தனையோ உண்டு, அந்தப் பெண்களின் பெயர் மணியார்டரில் கையெழுத்து வாங்கும்போதுதான் தமக்குத் தெரியவரும் என்றார். அன்று மாலை மூன்று பேர் தங்கள் வீட்டில் இரண்டாம் சாமுவேல் 11-ஆம் அதிகாரத்தைத் தேடிப் படித்திருக்கிறார்கள். அந்த மனைவியின் பெயர் பத்சேபா என்பதையும், அவளை எடுத்துக்கொண்ட தாவீது அரசன் அவள் கணவன் உரியாவை எப்படிக் கொல்லச் செய்தான் என்பதையும் மறுநாள் அவர்களே வந்து எங்களுக்குச் சொன்னார்கள். தாவீது அரசனுடைய பாவத்தை மறைக்காமல், அந்தக் கணவனின் பெயரை மெசியாவின் வம்சப் பட்டியலிலேயே நற்செய்தியாளர் எழுதி வைத்திருக்கிறார் என்று குழுவே கண்டுகொண்டது. யாரும் தாளில் எழுதித் தரவில்லை.

நாள் வாசகத்தின் அருமை இதுதான். நாமாக எடுத்துப் படித்தால் பிடித்த இடத்தையே படிப்போம். திருப்பாடல் 23, 91, அதற்கு மேல் கை போகாது. எந்த நாளில் எந்தப் பகுதியை வாசிப்பது என்று திருச்சபை வகுத்து 1969-இல் வெளியிட்ட வாசக ஒழுங்கு நம்மை அப்படி விடுவதில்லை. ஞாயிறுகளுக்கு மூன்று ஆண்டுச் சுழற்சி. பொதுக்காலத்து வார நாட்களில் முதல் வாசகம் ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒன்று, இரட்டைப்படை ஆண்டுக்கு ஒன்று. அந்த நாட்களின் நற்செய்தியோ ஆண்டுதோறும் அதே வரிசையில் வரும். முதல் ஒன்பது வாரம் மாற்கு, பத்திலிருந்து இருபத்தொன்று வரை மத்தேயு, பிறகு முப்பத்து நான்கு வரை லூக்கா. ஆகவே ஒவ்வோர் ஆகஸ்டிலும் அந்த நிலக்கிழார் திரும்பி வருகிறார். ஒவ்வோர் ஆண்டும் எங்களில் யாரோ ஒருவர் வேறு இடத்தில் நின்று அவரைப் பார்க்கிறார். ஒருமுறை, காலையிலிருந்து வெயிலில் உழைத்தவர்களின் முணுமுணுப்பிலும் நியாயம் இருக்கிறது என்று ஒரு தம்பி வாதாடினார். அவர் வேலை செய்யும் மில்லில் புதிதாக வந்தவருக்கு அவர் அளவே சம்பளம் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு அது முடிவுக்கு வரவே இல்லை.

இப்போது உங்கள் கவலைக்கு வருகிறேன். தவறு நடக்கிறதா என்றால், நடக்கிறது. மறைக்க மாட்டேன். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு விவிலியத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை அன்றைய பலன் என்று எடுத்துக்கொள்வார். கிளி சீட்டு எடுப்பது போலத்தான். அதை நிறுத்த எங்களுக்கு ஓர் ஆண்டு ஆயிற்று. அதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. நோய்வாய்ப்பட்ட பிள்ளையை வைத்திருக்கும் ஒரு தாயின் முன்னால், "செய்த பாவம்தான் பிள்ளை மேல் வரும்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். அந்தத் தாய் மூன்று வாரம் வரவில்லை. நாங்கள் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டும் கதவருகே நின்றே பேசி அனுப்பிவிட்டார். அக்டோபரில் லூக்கா 13 வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று கேட்டுவிட்டு, இல்லை என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்கிறார். அன்று காலை வாசித்தவர் முன்பு அப்படிப் பேசிய அதே மனிதர். வாசித்துக்கொண்டே போய் அந்த இடத்தில் குரல் தடுமாறிவிட்டது. வாசகம் முடிந்ததும் எழுந்து நேராக அந்தத் தாயின் வீட்டுக்குப் போனார்.

தொடர்ந்து வாசித்தால் இறைவார்த்தையே நம்மைத் திருத்தும் என்பதற்கு இதைச் சொல்கிறேன். ஆனாலும் அந்த மூன்று வாரத்தில் அந்தத் தாய் பட்ட வேதனை வேதனைதான். அன்று எங்களோடு விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவர் ஒரு வார்த்தை சொல்லி அந்தக் காயத்தைத் தடுத்திருக்கலாம். எங்களுக்கு ஆள் வேண்டும். அதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். தாள் வந்து அந்த வேலையைச் செய்யாது என்பதுதான் என் கவலை. அந்தத் தாயின் முகத்தைத் தாளால் பார்க்க முடியாது.

பேரவையில் ஒருவர் திருத்தூதர் பணிகள் 8-ஆம் அதிகாரத்தைக் காட்டியதாகக் கேள்விப்பட்டேன். எத்தியோப்பிய அதிகாரி தேரில் உட்கார்ந்து இறைவாக்கினர் எசாயாவின் ஏட்டை வாசித்துக்கொண்டு போகிறார். பொருள் தெரிகிறதா என்று நற்செய்தி அறிவித்துவந்த பிலிப்பு கேட்கிறார். ஒருவர் விளக்கிக் காட்டாவிட்டால் எப்படித் தெரியும் என்கிறார் அவர். விளக்குகிறவர் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று அந்தப் பேரவை உறுப்பினர் கேட்டாராம். நல்ல கேள்வி. அந்தப் பகுதியை மறுபடியும் நிதானமாக வாசித்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன். அதிகாரி ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருக்கிறார், அதுவும் பக்கத்தில் வருகிறவருக்குக் கேட்கும்படி வாய்விட்டு. பிலிப்பு ஓடிப்போய் முதலில் அதைக் கேட்கிறார். பிறகு அவரிடம் ஒரு கேள்வி கேட்கிறார். ஏறி உட்காரும்படி அதிகாரி அழைத்த பிறகுதான் தேரில் ஏறி அவர் அருகில் உட்காருகிறார். அவர் எந்த வரியில் நின்று குழம்பினாரோ அந்த வரியிலிருந்து தொடங்குகிறார். கொளுத்தும் பாலைவழியில் அவரோடு சேர்ந்து பயணம் போகிறார். எங்களுக்கு வேண்டியது அப்படிப்பட்ட ஒரு பிலிப்பு.

நெகேமியா 8-ஆம் அதிகாரமும் அப்படித்தான். தண்ணீர் வாயிலுக்கு முன் மக்கள் எல்லாரும் கூடி, அவர்களே எஸ்ராவிடம் திருச்சட்ட நூலைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். விடியற்காலையிலிருந்து நண்பகல் வரை வாசிப்பு நடக்கிறது. ஆலயப் பணி செய்த லேவியர் பொருள் சொல்கிறார்கள். மக்கள் நிற்கும் இடத்திலேயே சொல்கிறார்கள். கேட்ட மக்கள் அழுகிறார்கள். பத்து நிமிடத்தில் கலைந்தவர்கள் யாரும் அதில் இல்லை.

எனக்கு இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. என் பாட்டி செபமாலை ஓயாமல் உருட்டுவார். புனிதர்களின் கதை அத்தனையும் தெரியும். ஆனால் சாகும்வரை விவிலியத்தைக் கையில் எடுத்ததில்லை, வீட்டிலும் ஒரு பிரதி இருந்ததில்லை. திருப்பலி இலத்தீனில் நடந்த காலம் அது. தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்ற பயத்தில் அந்தத் தலைமுறையிடமிருந்து அந்த நூலை எட்டவே வைத்துவிட்டார்கள். சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையை, அதாவது புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்த ஒரு தங்கை இப்போது எங்கள் குழுவுக்கு வருகிறார். கலியாணம் ஆகி எங்கள் தெருவுக்கு வந்தவர். அவருடைய பாட்டி காலை காப்பிக்கு முன் ஒரு அதிகாரம் வாசிக்காமல் இருந்ததில்லையாம். தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715-இல், தரங்கம்பாடியில், ஜெர்மனியிலிருந்து வந்த புராட்டஸ்டண்டு மறைபணியாளர் சீகன்பால்குவின் உழைப்பால். அதிலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் என் பாட்டிக்கு அது எட்டவில்லை என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அந்தத் தங்கை தம் பழைய வேதாகமத்தோடு வருவார். நாங்கள், கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்து 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பை வாசிப்போம். சொற்கள் மாறுபடும்போது இரண்டையும் கேட்போம். ஒரு ஜனவரி மாதம் மாற்கு இரண்டாம் அதிகாரத்தில், பழைய ஆடையில் புதுத்துணியை ஒட்டுப்போடுவது பற்றி வந்தது. அவர் புத்தகத்தில் அந்தத் துணிக்குக் கோடித்துண்டு என்று இருந்தது. கேட்டதும் என் கை சும்மா இருக்கவில்லை. கோடி என்றால் தண்ணீர் காணாத துணி. ரவிக்கைக்கு லைனிங் வைக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். லைனிங் துணியை முதல்நாளே தண்ணீரில் முக்கி, பிழிந்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். அவசரத்துக்கு அப்படியே வைத்துத் தைத்துக் கொடுத்தால் முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கும். மேல்துணி நீளமாக, உள்துணி குட்டையாக, தையல் ஓரமெல்லாம் இழுத்துப் பிடிக்கும். துணி பழையதாக இருந்தால் தையலை விட்டுவிட்டுத் துணியே கிழியும். அன்றைக்கு என் மடியிலிருந்த ஒரு பழைய ரவிக்கையைக் காட்டி இதைச் சொன்னேன். ஆண்டவர் துணி தெரிந்தவர் என்று அன்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாசரேத்தில் அவருடைய தாய் ஒட்டுப்போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பார் என்று தோன்றியது. இது விளக்கவுரை ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் முப்பது ஆண்டுத் தையலில் ஒருநாளும் என் தொழிலைக் கடவுள் கவனித்தார் என்று நான் நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்தேன்.

சபையின் போதனைக்கு மாறாக நான் எதையும் கேட்கவில்லை. உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று தந்த இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் 25-ஆம் எண்ணைத் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். கிறிஸ்தவ மக்கள் அனைவரும் இறைநூலை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று அது வற்புறுத்துகிறது. இறைநூலை அறியாதவர் கிறிஸ்துவை அறியாதவர் என்ற புனித எரோணிமுவின் சொல்லை அங்கேதான் எடுத்துச் சொல்கிறது. வாசிப்போடு மன்றாட்டும் சேர வேண்டும், அப்போதுதான் கடவுளுக்கும் மனிதருக்கும் உரையாடல் நடக்கும் என்கிறது. உரையாடல் என்றால் இரண்டு பக்கமும் பேச வேண்டும் அல்லவா? திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறு என்று ஏற்படுத்தினார். நம் கோவிலிலும் அன்று விவிலியத்தைப் பூவால் அலங்கரித்துப் பவனியாகக் கொண்டு வருகிறோம். அந்தப் பவனியில் நடக்கிற பெண்கள்தான் எங்கள் திண்ணையிலும் உட்காருகிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. தாளை நிறுத்த வேண்டாம்; அச்சிட்டுத் தாருங்கள். ஆனால் அதை வாசகத்துக்கு முன்னால் வைக்காமல், எல்லாரும் பேசி முடித்த பிறகு, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கும்படி கொடுங்கள். நாங்கள் தவறிய இடத்தை அது காட்டட்டும். பத்து நிமிடம் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். முப்பத்தைந்து நிமிடம் திண்ணையில் உட்காருவதால் யாருக்கும் இடையூறில்லை, மின்விளக்குக் கட்டணம் வேண்டுமானால் நாங்கள் போட்டுக்கொள்கிறோம். பொறுப்பாளர் ஒருவரை அனுப்புங்கள், மகிழ்ச்சி. அவர் எங்களோடு பாயில் உட்கார்ந்து, எல்லாரும் பேசிய பிறகு கடைசியில் பேசட்டும். யாராவது காயப்படும்படி ஒரு சொல் வந்துவிட்டால் மட்டும் இடையில் பேசலாம். மாதம் ஒருமுறை பங்குத்தந்தை வந்தால், அந்த மாதத்தில் எங்களுக்கு விடை தெரியாமல் நின்ற கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துக் கேட்போம். இப்போதே அந்த நோட்டில் பதினோரு கேள்விகள் இருக்கின்றன. தபால்காரர் அண்ணன் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

மற்ற பங்குகளின் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் ஒன்று. கூட்டத்துக்கு வந்து பேசாமலே போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து நான் அக்காவைப் பேச விடாமல் ஓர் ஆண்டை வீணாக்கினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். இரண்டாம் முறை வாசித்துவிட்டுக் காத்திருங்கள். ஐந்து நிமிட மௌனம் முதலில் மிகவும் நீளமாகத் தெரியும். யாராவது இருமுவார்கள், ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரவைத் தீர்மானத்தைப் பற்றி அக்காவிடம் நான்தான் சொன்னேன். எல்லாருக்கும் ஒரு தாள் கொடுப்பார்கள் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்போது இரண்டாம் முறை யார் வாசிப்பார்கள்?" என்று கேட்டார். முதல்முறை கேட்கும்போது யார் பேசுகிறார்கள், எங்கே நடக்கிறது என்று பிடிக்கவே நேரம் போய்விடும், இரண்டாம் முறைதான் தமக்கு என்று விளக்கினார். பேரவையில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த பேரவைக் கூட்டம் ஞாயிறு மாலை என்று அறிவிப்பில் இருக்கிறது. அதற்கு முன் வியாழனோ வெள்ளியோ, ஐந்தேகாலுக்கு, உங்களில் இரண்டு பேராவது திண்ணைக்கு வாருங்கள். கொசு கொஞ்சம் இருக்கும், கால்மேல் போட ஒரு துண்டு கொண்டு வாருங்கள். விவிலியம் இல்லாவிட்டால் பரவாயில்லை, எங்களிடம் இரண்டு பிரதி கூடுதலாக இருக்கிறது.

ஆண்டவரில் அன்புடன்,
உங்கள் பங்கின் தையல்காரி
திண்டுக்கல்